மீன் வாயைப் பார்த்துத் தக்கை கட்டுங்கள்

எங்கள் ஊர்க் கண்மாயில் நான் முதன்முதலாகத் தூண்டில் போட்டபோது எனக்கு ஒன்பது வயது. மூங்கில் கம்பு, சோளத்தட்டைத் தக்கை, முள்ளில் நெளியும் மண்புழு என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் தக்கை அசையவில்லை. பத்தடி தள்ளிப் பெரியப்பா ஜிலேபிக் கெண்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்ததும் அதே புழு, அதே முள்தான். அழாக்குறையாகப் போய் நின்றேன். என் நரம்பை வாங்கிப் பார்த்தவர், தக்கையை ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டினார். "ஒம் புழு சேத்துக்குள்ள கெடக்குடா. மீனு மேல மேயுது" என்றார். சிறிது நேரத்தில் தக்கை முங்கியது.

தூண்டில் பழக வருகிறவர்கள் இன்று முதலில் கம்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கம்பி வளையம் வைத்தது, சக்கரம் பூட்டியது, ஆயிரத்துக்கு ஒன்று, ஐயாயிரத்துக்கு ஒன்று. சின்ன ஏரிக்கும் குளத்துக்கும் இதெல்லாம் தேவையில்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு நீளமுள்ள மூங்கில் கம்பு, கால் மில்லிமீட்டர் கனத்தில் நைலான் நரம்பு, சின்ன முள், துளி ஈயம், ஒரு தக்கை. இவ்வளவுதான். கடையில் முள் வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எண் கூடக்கூட முள் சிறியதாகும். பத்தாம் எண் முள்ளை எட்டாம் எண்ணைவிடப் பெரியது என்று நினைத்து வாங்கியவர்கள் நிறைய உண்டு. கெண்டைக்கும் ஜிலேபிக்கும் சின்ன முள்ளே போதும். பெரிய மீன் சின்ன முள்ளிலும் மாட்டும். சின்ன மீன் பெரிய முள்ளில் மாட்டாது.

காசு போட்டு வாங்க முடியாதது, இரை எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்கிற கணக்கு. அதை மீனின் வாயே சொல்லிவிடும்.

அடுத்த முறை மீன் கடைக்குப் போகும்போது கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்லாவுக்குப் பெரிய தலை. கீழ்த்தாடை முன்னே தள்ளி, வாய் வானம் பார்த்திருக்கும். மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீனுக்கு அப்படித்தான் வாய் இருக்க வேண்டும். ரோகுவின் உதட்டோரம் துணியோரத்து நூல் பிரிந்ததுபோல் சிலும்பியிருக்கும். அது நடுமட்டத்தில் மேய்கிற மீன். மிர்காலின் வாய் கீழ்நோக்கித் திரும்பியது. அடிமண்ணைக் கிளறித் தின்னும். மூன்றும் ஒரே குளத்தில் ஒன்றுக்கொன்று சாப்பாட்டில் போட்டியில்லாமல் வாழும் என்பதால்தான் மீன் வளர்ப்போர் இவற்றைச் சேர்த்தே விடுகிறார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. இந்த மூன்றும் ஓடும் ஆற்றில், வெள்ளக் காலத்தில் முட்டையிடும் மீன்கள். தேங்கிய குளத்தில் எத்தனை வருடம் கிடந்தாலும் இனப்பெருக்கம் செய்யாது. அதனால் ஒரு காலத்தில் ஆற்று வெள்ளத்தில் குஞ்சு பிடித்து வந்துதான் குளத்தில் விட வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு, கெண்டை மீனை முட்டையிட வைத்துக் காட்டினார்கள். ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் நாளாக இருப்பது அதனால்தான். உங்கள் ஊர்க் குளத்தில் ரோகு மாட்டினால் அது தானாக வந்ததல்ல, யாரோ காசு கொடுத்து வாங்கி விட்டது. இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஆழத்தை அளப்பது எளிது. முள்ளில் கனமான ஈயத்தை மாட்டி இறக்குங்கள். தக்கை முங்கிப்போனால் தண்ணீர் இன்னும் ஆழம். தக்கையை மேலே ஏற்றிக் கட்டுங்கள். தக்கையின் தலை மட்டும் தெரிகிற இடத்தில் நிறுத்தினால் அதுதான் அடிமட்டம். மிர்காலுக்கும் கெளுத்திக்கும் அதே அளவு. ஜிலேபிக்கு அதில் பாதி. எது இருக்கிறது என்றே தெரியாவிட்டால் அடியில் ஆரம்பித்து, கால் மணிக்கு ஒருமுறை ஒரு சாண் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்தது தக்கையின் எடை. இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். பழைய ரப்பர் செருப்பை வெட்டிப் பெரிய துண்டாகக் கட்டுவார்கள். அது வாத்து மாதிரி தண்ணீர் மேல் மிதக்கும். மீன் இரையைக் கடித்துப் பிடுங்குவதில்லை. வாயை விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். பிடிக்கவில்லையென்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். உறிஞ்சும்போது பின்னால் ஏதோ இழுக்கிறது என்று தெரிந்தாலே துப்பிவிடும். தக்கையில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேலே நின்றால் அதை முங்க வைக்க மீன் ஒரு கிராம் எடைக்கு இழுக்க வேண்டும். பத்து கன சென்டிமீட்டர் நின்றால் பத்து கிராம். விரல் நீளக் கெண்டைக்கு அது பெரிய பாரம். ஆகவே ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தக்கையின் நுனி ஒரு நெல்மணி அளவுக்கு மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். சோளத்தட்டை, நெட்டி, மயிலிறகுக் காம்பு மூன்றும் இதற்கு நல்லவை. எனக்குச் சோளத்தட்டைதான் பிடிக்கும், தொலைந்தால் வருத்தமில்லை.

இப்படிக் கட்டிய தக்கை பேசும். ஜிலேபி கடித்தால் இரண்டு மூன்று முறை துள்ளிவிட்டுப் பக்கவாட்டில் ஓடும். கெளுத்தி மாட்டினால் ஒரே முங்கு. தக்கை முங்காமல் மேலெழுந்து படுத்துக்கொள்வதும் உண்டு. புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்து, இரை தரை தட்டிவிட்டது என்று நினைத்துச் சும்மா இருப்பார்கள். அடிமண்ணில் கிடந்த இரையை மிர்கால் வாயில் வாங்கிக்கொண்டு தலையை நிமிர்த்துகிறது என்று அதற்குப் பொருள். ஈயத்தின் பாரத்தை இப்போது மீன் சுமக்கிறது. பாரம் நீங்கிய தக்கை படுத்துவிடுகிறது. உடனே சுண்ட வேண்டும். சுண்டுவது என்றால் மணிக்கட்டு அசைவு மட்டும்தான். மீனைத் தலைக்கு மேலே பறக்கவிட்டுப் பின்னாலிருக்கும் கருவேல மரத்தில் தொங்கவிடுவது முதல் நாள் எல்லோரும் செய்வது. நானும் செய்திருக்கிறேன்.

இரையில் பெரிய இரகசியம் எதுவுமில்லை. மண்புழுவை எல்லா மீனும் தின்னும். ஜிலேபிக்குப் பிசைந்த மைதா போதும். கெளுத்திக்கு மணம் முக்கியம். அதன் மீசையில் மட்டுமல்லாமல் உடம்புத் தோலெங்கும் சுவை மொட்டுகள் உண்டு. கலங்கிய தண்ணீரில், இருட்டில், கோழிக்குடல் துண்டை அது கண்ணில்லாமலே கண்டுபிடித்துவிடும். ரோகுவுக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை.

எப்போது போவது? விடியற்காலையில் போ என்பார்கள். பாதி உண்மை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். அந்தக் கொஞ்சத்தையும் பாசியும் நீர்ச்செடிகளும் பகலில் கூட்டும். இரவில் வெயில் இல்லாததால் அவையே இழுத்துக் குறைத்துவிடும். பச்சைப் பசேலென்று பாசி பிடித்த குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருப்பது விடியும் நேரத்தில்தான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, ஆகா மீன் மேய்கிறது என்று தூண்டிலை வீசாதீர்கள். அது மூச்சுக்குத் தவிக்கிறது. பஞ்சாமிர்தத்தைப் போட்டாலும் தொடாது. தெளிந்த நீரென்றால் விடியலிலேயே போகலாம். பாசிக் குளமென்றால் வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். காற்று வந்து மோதுகிற கரையைத் தேர்ந்தெடுங்கள். அங்கேதான் அலையால் ஆக்சிஜன் கலக்கும், மிதக்கும் தீனியும் ஒதுங்கும். நீர்க்காகம் முங்கி முங்கி எழுகிற இடமும், கொக்கு வெகுநேரம் அசையாமல் நிற்கிற இடமும் நமக்கு இலவசத் தகவல். மதகடியும் கலுங்கோரமும் எப்போதும் நம்பலாம். ஆனால் மடை திறந்திருக்கும்போது மதகுக்குப் பக்கத்தில் இறங்கவே கூடாது.

கரையில் பேசாதே என்று என்னைப் பலமுறை அதட்டியிருக்கிறார்கள். பௌதிகம் என் பக்கம் இருக்கிறது. காற்றிலுள்ள ஒலி தண்ணீர்ப் பரப்பில் பட்டால் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மீதி திரும்பிவிடும். தாராளமாக ஊர்க்கதை பேசலாம். காலடிதான் ஆபத்து. மண்ணில் தொப்பென்று விழும் மிதி நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். மீனின் விலாவோரம் ஓடும் பக்கக்கோடு என்கிற உணர்வுறுப்பு தண்ணீரின் சின்ன அதிர்வையும் பிடித்துவிடும். கெண்டையும் கெளுத்தியும் காதிலும் கெட்டி. அவற்றின் நீச்சல் பையையும் உட்செவியையும் சின்ன எலும்புகள் சங்கிலி போல் இணைத்து ஒலியைக் கடத்துகின்றன.

கண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு, ஒளி தண்ணீரில் வளைவதால், வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே இரண்டேகால் மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். மேட்டில் நிற்கிறவன் அந்த வட்டத்துக்குள் நன்றாகத் தெரிவான். கரையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் வட்டத்தின் விளிம்பில் நசுங்கிக் கோடாகத் தெரிவான். ஏரிக்கரை மேல் நின்று கைகாட்டிப் பேசுகிறவருக்கு மீன் படாததன் காரணம் அவர் வாயல்ல, கை.

விராலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூண்டில்காரர்களின் கனவு அதுதான். செவுளோடு கூடவே காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் உள்ள மீன்; அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு குமிழ் வெடித்தால் கீழே விரால் இருக்கிறது என்று அர்த்தம். முன்பு உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து விராலுக்குப் போடுவார்கள். இப்போது ரப்பர் தவளையே நன்றாகக் கிடைக்கிறது; உயிர்த் தவளை வேண்டாம். சில நாட்களில் தண்ணீர்ப் பரப்பில் ஓரிடம் மட்டும் உலை கொதிப்பதுபோல் சிலிர்க்கும். உற்றுப் பார்த்தால் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மூச்செடுக்க வருவது தெரியும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது எது போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, கோபத்தால். அந்த நேரத்தில் பிடிப்பது மிகச் சுலபம். பிடித்தால் குஞ்சுக் கூட்டத்தை மற்ற மீன்கள் ஒரே நாளில் தின்று தீர்க்கும். நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்; நீங்களும் நகர்ந்துவிடுங்கள்.

கெளுத்தியைத் தூக்கும்போது கை கவனம். முதுகிலும் செவுளுக்குப் பின்னால் இருபுறமும் மூன்று முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும்; குத்தினால் கடுக்கும். கெளுத்தி வகையில் ஒன்றுக்குத் தேளி என்று பெயர் வைத்தவர் அனுபவப்பட்டவர்தான். அதன் முள்ளில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். வீங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். பெரிய மீசையும் தட்டைத் தலையுமாக ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்பக் குளத்தில் விடாதீர்கள். வளர்க்கத் தடை செய்யப்பட்ட அந்த மீன், நாட்டு மீன்களைக் குஞ்சோடு தின்னும்.

பின்னால் வருகிறேன் என்று சொன்ன விஷயம்: தமிழ்நாட்டின் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி கண்மாய்களில் பலவற்றின் மீனுக்குக் குத்தகைக்காரர் இருப்பார். தென்மாவட்டங்களில் மீன்பாசி குத்தகை என்பார்கள். அவர் காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். கம்பை எடுக்கும் முன் ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒற்றைத் தூண்டில் என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். கேட்காமல் போனால் கம்பும் போகும், மரியாதையும் போகும். வேடந்தாங்கல், கூந்தன்குளம் மாதிரிப் பறவை சரணாலயங்களில் கேட்கவே வேண்டாம், அங்கே தூண்டிலுக்கு இடமில்லை.

கிளம்பும்போது அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். நைலான் மக்காது. போன தை மாதம் எங்கள் கண்மாயில் ஒரு நீர்க்காகம் காலில் சுற்றிய நரம்போடு கருவேலங்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்தபோது உயிர் இல்லை. சட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூட வராத நரம்பு அது.