வயிற்றைச் சுருக்கினார்கள்! 20 வருடம் கழித்து என்ன ஆயிற்று?

உடம்பு இளைக்க ஓர் ஆபரேஷன் உண்டு. ஒரு சில மணி நேரத்தில் அது முடிந்துவிடும். ஆனால், அதன் பிறகு வாழவேண்டிய காலம் 20 வருடம், 30 வருடம், 40 வருடம்கூட இருக்கலாம்!

ஆபரேஷனுக்கு முன் குண்டாக ஒரு படம். ஒரு வருடம் கழித்து மெலிந்து ஒரு படம். இந்த இரண்டு படங்களையும் எல்லோரும் ஆச்சரியத்தோடு பார்க்கிறார்கள். "பத்தாவது வருடத்துப் படம் எங்கே?" என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்கவேண்டிய கேள்வி அதுதான். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது.

முதல் முயற்சி

1950-களில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் இரைப்பையைத் தொடவில்லை. குடலில் கை வைத்தார்கள்.

சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அதுதான். அதில் பெரும் பகுதிக்குச் சாப்பாடு போகாதபடி குறுக்கு வழி போட்டார்கள். பின்னால் வந்த ஒரு வகையில், ஒன்றரை அடிக் குடல் வழியாகத்தான் சாப்பாடு போயிற்று!

எடை குறைந்தது. டாக்டர்கள் மகிழ்ந்தார்கள். வருடங்கள் ஓடின.

சிலருக்கு ஓயாத பேதி. சிலருக்குச் சிறுநீரகத்தில் கல். சிலருக்கு மூட்டு வலி. சிலருக்கு ஈரலே கெட்டுவிட்டது. உயிர் இழந்தவர்களும் உண்டு. 1980 வாக்கில் அந்த ஆபரேஷனை டாக்டர்கள் ஏறக்குறைய கைவிட்டுவிட்டார்கள்.

முதல் வருடத்தைப் பார்த்தால் அது வெற்றி. பத்து வருடத்தைப் பார்த்தால் அது தோல்வி!

டாக்டர் மேசன்

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்று ஒரு டாக்டர் இருந்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களை அவர் கவனித்தார். அவர்கள் மெலிந்தே இருந்தார்கள். சதை போடவில்லை.

"குண்டானவர்களுக்கும் இப்படிச் செய்தால் என்ன?" என்று அவர் எண்ணினார். 1966-ம் ஆண்டில் டாக்டர் இட்டோவுடன் சேர்ந்து அதைச் செய்தார். இன்றைய "பைபாஸ்" ஆபரேஷனுக்கு அதுதான் மூலம்.

ஆபரேஷன் செய்ததோடு மேசன் நின்றுவிடவில்லை. நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து கவனிக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். 1980-களில் அதற்காக ஒரு பதிவேடே தொடங்கினார். 2020-ம் ஆண்டில், தமது 100-வது வயதில் அவர் காலமானார்.

இன்று என்ன செய்கிறார்கள்?

இன்று பெரும்பாலும் இரண்டு வகை ஆபரேஷன் நடக்கிறது.

ஒன்று "ஸ்லீவ்". இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி ஒரு குழாய்போல நிற்கும்.

இன்னொன்று "பைபாஸ்". இரைப்பையின் மேல்பக்கத்தில் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பை ஒன்றைப் பிரிக்கிறார்கள். அதாவது, இரண்டு மேசைக் கரண்டி அளவு! அந்தப் பையைச் சிறுகுடலில் கொஞ்ச தூரம் தள்ளி இணைத்துவிடுகிறார்கள்.

இடம் குறைவதால் சாப்பாடு குறைகிறது. பசியும் குறைகிறது. பசியைத் தூண்டும் "கிரெலின்" என்ற பொருள் இரைப்பையில் ஊறுகிறது. 1999-ம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் ஊறும் பகுதி, ஸ்லீவ் ஆபரேஷனில் போய்விடுகிறது.

சுவீடன் எடுத்த கணக்கு

1987-ம் ஆண்டில் சுவீடன் நாட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. ஆபரேஷன் செய்துகொண்ட குண்டானவர்கள் 2,010 பேர். ஆபரேஷன் செய்யாமல் வழக்கமான வைத்தியம் பார்த்த குண்டானவர்கள் 2,037 பேர். இரண்டு கூட்டத்தாரையும் வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள்.

ஆபரேஷன் செய்தவர்களின் எடை, இரண்டாம் வருடத்தில் சராசரியாக 100-க்கு 23 பங்கு குறைந்திருந்தது. பத்தாம் வருடத்தில் பார்த்தால் குறைவு 17 பங்குதான். இருபதாம் வருடத்தில் 18 பங்கு.

இதை எளிதாகச் சொல்லலாம். 120 கிலோ இருந்தவர் இரண்டு வருடத்தில் சுமார் 92 கிலோ ஆகிறார். பத்து வருடத்தில் சுமார் 100 கிலோ ஆகிறார். போன எடையில் கொஞ்சம் திரும்பி வருகிறது. ஆனால், பழைய 120 கிலோவுக்குப் போகவில்லை!

ஆபரேஷன் செய்யாதவர்களின் எடையோ, 20 வருடமும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. மூன்றாம் வருடத்தில் எடை சற்று ஏறினால் சிலர் வெட்கப்படுகிறார்கள். டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஏறுவது பலருக்கும் உள்ளதுதான். டாக்டரைப் பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து.

சர்க்கரை நோய்

சர்க்கரை நோய் இருந்தவர்களில் 100-க்கு 72 பேருக்கு, இரண்டாம் வருடத்தில் நோய் அடங்கியிருந்தது. பத்தாம் வருடத்தில் 36 பேருக்குத்தான் அடங்கியிருந்தது. பாதிப் பேருக்கு நோய் திரும்பிவிட்டது!

ஆகவே, "எனக்குச் சர்க்கரை போய்விட்டது" என்று சோதனையை நிறுத்தக்கூடாது.

ஆயுள் கூடியதா?

கூடியது. 2020-ம் ஆண்டில் வெளியான கணக்குப்படி, ஆபரேஷன் செய்தவர்கள் மற்றக் கூட்டத்தாரைவிடச் சராசரி 3 வருடம் அதிகமாக வாழ்கிறார்கள்.

ஆனால், நாட்டின் பொது மக்களோடு ஒப்பிட்டால், அவர்கள் ஆயுள் ஐந்தரை வருடம் குறைவுதான். ஆபரேஷன் ஓர் உதவி. அது மந்திரம் அல்ல.

ஒளிந்து வரும் குறை

வயிறு சின்னதாகிவிட்டது. உடம்புக்கு வேண்டிய சத்து சின்னதாகிவிட்டதா? இல்லை! எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். இரத்தத்துக்கு இரும்புச் சத்து வேண்டும். நரம்புக்கு வைட்டமின் பி-12 வேண்டும்.

இவற்றைச் சாப்பாட்டிலிருந்து பிரித்து எடுக்கும் வேலை இப்போது சரியாக நடப்பதில்லை. அதனால் சத்து மாத்திரை வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஆயுள் முழுவதும்!

பி-12 விஷயத்தில் ஒரு சூது இருக்கிறது. நம் ஈரலில் அது பல வருடத்துக்குச் சேமிப்பாக இருக்கிறது. ஆபரேஷன் ஆனவர் அந்தச் சேமிப்பைக் கொண்டு நன்றாகவே நடமாடுவார். "மாத்திரை இல்லாமலே சுகமாக இருக்கிறேன்" என்று எண்ணுவார்.

ஒருநாள் சேமிப்பு தீர்ந்துவிடும். கை கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். மறதி வரும். நரம்பு கெட்டபின் மருந்து கொடுத்தால், முழுவதும் சரியாகாமலும் போகலாம்.

பால், முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றில்தான் பி-12 இருக்கிறது. மரக்கறி மட்டுமே சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கக்கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சாப்பிட்டால் சத்து சரியாகச் சேராது.

சாப்பாட்டு முறை

கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும். நன்றாக மென்று சாப்பிடவேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்றவற்றை முதலில் சாப்பிடவேண்டும். சோறு பிறகுதான். சாப்பிடும்போதே தண்ணீர் குடிக்கக்கூடாது. அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம்.

இனிப்பு அதிகம் சாப்பிட்டால், பைபாஸ் ஆனவர்களுக்கு அது சடுதியில் குடலுக்குள் இறங்கிவிடும். நெஞ்சு படபடக்கும். வேர்க்கும். தலை சுற்றும். ஓரிரு மணி நேரம் கழித்து, இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்து மயக்கமும் வரலாம்.

தலைவலி, மூட்டுவலிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கக்கூடாது. ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை பைபாஸ் ஆன வயிற்றில் புண் உண்டாக்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று முதலில் சொல்லவேண்டும்.

வாந்தி நிற்காமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வைட்டமின் பி-1 குறைந்து மூளை பாதிக்கப்படலாம். கடுமையான வயிற்றுவலி வந்தாலும் காத்திருக்கக்கூடாது. ஆபரேஷன் ஆகிப் பல வருடம் ஆனபின்பும் குடல் சிக்கிக்கொள்வது உண்டு.

பிள்ளை பெற விரும்பும் பெண்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை பொறுத்திருக்கவேண்டும்.

மதுவும் மனமும்

ஆபரேஷன் ஆனவர்களுக்கு மது வேகமாக ஏறும். அமெரிக்காவில் 10 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆராய்ச்சி 2012-ம் ஆண்டில் வெளிவந்தது. மதுவால் தொல்லைப்பட்டவர்கள், ஆபரேஷனுக்கு முந்திய வருடம் 1,000-க்கு 76 பேர். ஆபரேஷனுக்குப் பின் இரண்டாம் வருடத்தில் 96 பேர்!

மனமும் தளரலாம். "மெலிந்துவிட்டால் எல்லாத் துன்பமும் தீரும்" என்று நம்பியிருப்பார்கள். மெலிந்த பிறகும் கடன் இருக்கும். வீட்டுச் சண்டை இருக்கும். தொங்கும் தோல் இருக்கும். முன்பு மனம் நொந்தால் பலகாரம் துணை. இப்போது அதுவும் இல்லை. அப்படி மனம் வாடினால், அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

வீட்டாருக்கு

நம் நாட்டிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. ஆபரேஷன் ஒருவருக்குத்தான். ஆனால், அதன் பிறகு உள்ள வாழ்க்கை வீட்டார் எல்லோருக்கும் சேர்ந்தது.

"இன்னும் ஒரு வாய் சாப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள். விருந்து வீட்டில் அவர் இலையில் மிச்சம் வைத்தால் குறை சொல்லாதீர்கள். "ஆபரேஷன் செய்தும் சதை போட்டுவிட்டாயே" என்று கேலி செய்யாதீர்கள். மாத்திரையை நினைவுபடுத்துங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது இரத்தச் சோதனைக்குக் கூடப் போங்கள்.

செய்துகொள்ள எண்ணுகிறவர்கள் டாக்டரிடம் செலவை மட்டும் கேட்டால் போதாது. "எனக்கு எந்த வகை ஆபரேஷன்? என்னென்ன மாத்திரை? பத்து வருடம் கழித்தும் என்னைப் பார்ப்பது யார்?" என்று கேட்கவேண்டும்.

கத்தியின் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். மாத்திரைக்கும் சோதனைக்கும் முடிவு நாள் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்களுக்கு இந்த ஆபரேஷன் நல்ல துணை.