திரௌபதை வரலாற்றில் பகடை

தீபாவளிக்கு முன்னதாகச் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் நடைபெறும் தீமிதித் திருவிழா, ஸ்ரீ திரௌபதை அம்மனுக்கு உரியது. அன்னையின் துயருக்கு வித்திட்டது, உள்ளங்கையில் அடங்கும் பகடை. 'கவறு' என்பது இதன் பழந்தமிழ்ப் பெயர். திருக்குறளிலும் இச்சொல் வருகிறது. கீழடி அகழாய்வில் 2022ஆம் ஆண்டு யானைத் தந்தத்தாலான பகடை கிடைத்தது.

புள்ளியிட்ட கட்டையே நம் நினைவுக்கு வருகிறது. வேத காலத்திலோ தான்றிக் கொட்டைகளே பகடை. (திரிபலா சூரணத்தில் சேரும் அதே தான்றிதான்!) ஒரு கொத்தை அள்ளி, நான்கு நான்காக எண்ணிக் கழிப்பார்கள். மிச்சமின்றி முடிந்தால் 'கிருதம்', அதுவே வெற்றி. மூன்று மிஞ்சினால் 'திரேதம்', இரண்டு மிஞ்சினால் 'துவாபரம்'. ஒன்றே மிஞ்சினால் 'கலி', அதாவது தோல்வி. நான்கு யுகங்களும் இப்பெயர்களையே தாங்குகின்றன. அவற்றின் கால அளவும் 4, 3, 2, 1 என்ற விகிதத்திலேயே குறைந்து, கலியுகம் 4,32,000 ஆண்டுகளாகிறது. நளனை விட்டு நீங்கிய கலிபுருஷன் தான்றி மரத்தில் புகுந்ததாகப் பாரதம் கூறுவதும் இத்தொடர்பாலேயே எனக் கொள்ளலாம்.

தருமருக்குச் சூதில் விருப்பம் உண்டு, தேர்ச்சி இல்லை. சகுனியோ அதில் கைதேர்ந்தவன். நாட்டை இழந்து, தம்பியரை இழந்து, தம்மையும் இழந்த பின்னரே தருமர் திரௌபதையைப் பணயம் வைத்தார். அழைக்க வந்த தேரோட்டியிடம் அன்னை கேட்டனுப்பிய கேள்வி ஒன்றே: அவர் முதலில் இழந்தது தம்மையா, என்னையா? தம்மையே இழந்தவருக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை ஏது? தருமம் நுட்பமானது என்று கூறிப் பீஷ்மரே தயங்கினார். கௌரவருள் விகர்ணன் ஒருவனே அவள் பக்கம் பேசினான். தமிழகத் தெருக்கூத்தில் 'சூது துகிலுரிதல்' இன்றும் விடிய விடிய நடிக்கப்படுகிறது. துகிலுரியும் காட்சியைக் காட்டிலும் இக்கேள்வியே கனமானது என்பது என் எண்ணம்.

திருதராஷ்டிரன் வரம் தர முன்வந்தபோது, முதல் வரத்தால் தருமரையும் இரண்டாம் வரத்தால் ஏனைய நால்வரையும் அவள் மீட்டாள். மூன்றாவது வரத்தை ஏற்க மறுத்தாள். அவ்வாறு மீண்ட தருமர் மறுபடியும் சூதாட அமர்ந்தார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அந்த ஆட்டத்தில் வந்தவை. வனத்தில் பிருகதசுவ முனிவரிடம் பகடைக் கலையைக் கற்றுத் தேர்ந்த அவர், விராடன் அவையில் கங்கன் என்னும் பெயரில் மன்னனுடன் பகடையாடியே மறைந்து வாழ்ந்தார். அந்த ஆண்டில் அன்னை அதே அரண்மனையில் பணிப்பெண்ணாக இருந்தாள்.