நூரம்பேர்க் மரபும் திருகோணமலையின் சான்றுகளும்

போர்க்குற்ற விசாரணைகள் பற்றிய எழுத்துக்கள் பொதுவாக இரு நிலைப்பாடுகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்பதைக் காணலாம். நூரம்பேர்க்கை மானிட மனச்சாட்சியின் வெற்றியாகக் கொண்டாடுவது ஒன்று. வென்றவர் தோற்றவருக்கு வழங்கிய நீதியென்று அதனைப் புறந்தள்ளுவது மற்றையது. இவ்விரு நோக்குகளும் அவ்விசாரணையின் பௌதிக அடிப்படையைக் கவனத்திற் கொள்வதில்லை. அரசு இழைத்த குற்றத்திற்கான சான்று யாருடைய கையில் இருந்தது என்பதே அவ்வடிப்படையாகும். திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தின் அண்மைக்கால வரலாற்றை முன்வைத்து இவ்வினாவை இங்கு ஆராய்வோம்.

நூரம்பேர்க் விசாரணை 1945 நவம்பர் 20ஆம் திகதி தொடங்கியது. 1946 ஒக்டோபர் முதலாம் திகதி 22 பேர் தொடர்பாகத் தீர்ப்பு வழங்கப்பட்டது. 12 பேருக்கு மரணதண்டனையும் 7 பேருக்குச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன, மூவர் விடுவிக்கப்பட்டனர். மேலிடத்து ஆணைக்குப் பணிந்தமை குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பதும், அரசின் பெயரால் இழைக்கப்பட்ட குற்றத்திற்கும் தனிமனிதர் பொறுப்பாளிகளே என்பதும் அங்கு நிலைநாட்டப்பட்ட கோட்பாடுகள். அவற்றை நிலைநாட்ட இயன்றமைக்குக் காரணம் யாது? அமெரிக்க வழக்குத்தொடுநர் ரொபேட் ஜக்சன் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் அரச ஆவணங்களையே தமது வழக்கின் முதன்மைச் சான்றாகக் கொண்டார். குற்றமிழைத்த அரசு முற்றாக வீழ்ந்திருந்தது. அதன் கோப்புகள் பிறர் கைக்கு மாறியிருந்தன.

இந்நீதியின் எல்லையையும் மறந்துவிடலாகாது. நூரம்பேர்க் பட்டயம் இலண்டனிற் கைச்சாத்தான நாள் 1945 ஓகஸ்ட் 8. அதற்கு இரண்டு நாள் முன்னர் ஹிரோஷிமாவிலும் மறுநாள் நாகசாகியிலும் அணுகுண்டு வீசப்பட்டது. அந்தக் குண்டுகளுக்கு எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை. டோக்கியோ தீர்ப்பாயத்தில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய வங்காள நீதிபதி ராதாபினோத் பால் இம்முரண்பாட்டைச் சுட்டினார். குடியேற்ற ஆதிக்கம் நடத்திய வல்லரசுகள் பிறரின் ஆக்கிரமிப்பை விசாரிக்கும் தகுதியையும் அவர் கேள்விக்குட்படுத்தினார். திருகோணமலைக்கு இது தொலைவான செய்தியன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டுவீசிய இத்துறைமுகம், 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கியது.

இனி, குற்றம்சாட்டப்படும் அரசு வீழாதிருக்கும் சூழலை நோக்குவோம். 2006 சனவரி 2ஆம் திகதி மாலை, பிரெட்ரிக் கோட்டையை அடுத்த கடற்கரையில், காந்தி சிலையருகே ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தனர் என்று முதலிற் கூறப்பட்டது. சடலங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தமையை ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்கள் வெளிப்படுத்தின. அம்மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். அரசின் கூற்றை மறுத்த சான்று ஒரு குடிமகனின் ஒளிப்படக் கருவியிலிருந்தே வந்தது. அதனைப் பாதுகாக்கும் வலிமை அவருக்கு இருக்கவில்லை.

அதே ஆண்டு ஓகஸ்டில், இம்மாவட்டத்து மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். இவ்விரு நிகழ்வுகளும் நீதியரசர் உடலாகம தலைமையிலான சனாதிபதி ஆணைக்குழுவின் விசாரணைக்குட்பட்டன. அதனை அவதானிக்க அழைக்கப்பட்ட, இந்திய முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையிலான சர்வதேசக் குழு, விசாரணை சர்வதேச நியமங்களுக்கு அமையவில்லை எனக் கூறி 2008இல் விலகிக்கொண்டது. மாணவர் கொலை தொடர்பாக 2013இல் விசேட அதிரடிப்படையினர் கைதாயினர். 2019 யூலையில் போதிய சான்றில்லையெனத் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 13 பேரை விடுவித்தது. முக்கிய சாட்சிகள் பலர் அச்சத்தால் முன்னரே நாட்டைவிட்டுச் சென்றிருந்தனர். மகனை இழந்த வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரனும் புலம்பெயர்ந்த நிலையிலேயே ஜெனீவாவில் நீதி கோரினார். 1996இல் நிகழ்ந்த குமாரபுரம் படுகொலையின் வழக்கு மாவட்டத்திற்கு வெளியே, அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் நடந்து, இருபது ஆண்டுகளின் பின் 2016இல் ஆறு முன்னாள் இராணுவத்தினரின் விடுதலையுடன் முடிந்தது.

இவற்றைத் தனித்தனித் தோல்விகளாகக் கொள்வது தவறு. ஒரே அமைப்பின் விளைவுகளே இவை. ஏட்டுச்சுவடி ஆராய்வோர், சுவடி எங்கிருந்தது, யாருடைய பொறுப்பில் இருந்தது என்ற வினாவை முதலில் எழுப்புவர். இவ்வழக்குகளில் கடமைப் பதிவேடுகளும் ஆயுதப் பதிவுகளும் ஆணைகளும் குற்றம்சாட்டப்பட்ட நிறுவனங்களின் பொறுப்பிலேயே இருந்தன. ஆவணம் அரசிடமிருக்க, நிரூபிக்கும் சுமை முழுவதும் பாதிக்கப்பட்டவனின் வாய்மொழியின்மீது விழுந்தது. அவன் அஞ்சி அகன்றதும் 'சான்றில்லை' என்ற தீர்ப்பு சட்டப்படி சரியானதாகவே தோன்றியது. நீதிமன்றத்தின் நடுநிலை இவ்வாறு சமனற்ற நிலைமையையே பேணுகின்றது.

துறைமுகக் கடற்படைத் தளம் இதனை மேலும் தெளிவாக்கும். 2015 நவம்பரில் இலங்கை வந்த பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு, அத்தளத்தினுள் இரகசியத் தடுப்புக்கூடம் ஒன்றைப் பார்வையிட்டது. 2008-2009இல் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 இளைஞரின் வழக்கோடு இத்தளம் தொடர்புபடுத்தப்பட்டது. அவ்வழக்கில் 2019இல் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட உட்பட 14 பேருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று. ஆயினும் அவர்மீதான வழக்கைத் தொடரப்போவதில்லையெனச் சட்டமா அதிபர் 2021இல் அறிவித்தார். தளபதிக்குப் பொறுப்புண்டு என்ற கோட்பாடு சட்டநூல்களில் நிலைபெற்றுள்ளது. அதனைச் செயற்படுத்தும் அதிகாரமோ அரசின் சட்டவாளரிடமே உள்ளது.

அங்ஙனமாயின் நூரம்பேர்க்கின் மரபு நமக்குப் பயனற்றதா? அவ்வாறு கூறிவிட முடியாது. நிகழ்ந்த வேளையில் நாகரிக நாடுகளின் பொதுச்சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாயிருந்த செயலுக்குப் பின்னரும் தண்டனை வழங்கலாம் என்ற நூரம்பேர்க் சிந்தனை, 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பினுள்ளேயே, 13(6)ஆம் உறுப்புரையில் இடம்பெற்றுள்ளது. இலங்கை றோம் சாசனத்தில் இணையாதபோதிலும், 2021 மார்ச்சில் நிறைவேறிய ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம், எதிர்கால வழக்குகளுக்கெனச் சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறுப்பை மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. சான்றின் காவலை அரசிடமிருந்து ஓரளவேனும் பிரித்தமையே இத்தீர்மானத்தின் முற்போக்கான அம்சமாகும்.

எனினும் இங்கு இரு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, வல்லரசுகளின் நீதியுணர்வு அவற்றின் நலன்களைக் கடந்து செல்வது அரிது. இத்துறைமுகத்தையும் இதன் எண்ணெய்க் குதங்களையும் நாடும் அரசுகள் எவையும் மூதூருக்கு நீதி கிடைப்பதைத் தம் உடன்படிக்கைகளின் நிபந்தனையாக்கவில்லை. இரண்டாவது, 2015 செப்டெம்பரில் வெளியான ஐ.நா. விசாரணை அறிக்கை அரச படைகளையும் விடுதலைப் புலிகளையும் கடுமையான மீறல்களுக்குப் பொறுப்பாக்கியது. நம்மவர் இழைத்த குற்றத்தை விசாரணையிலிருந்து விலக்குவோமாயின், ஹிரோஷிமாவை விலக்கிய அதே நீதியையே நாமும் கோருவோராவோம்.

ஆகவே, நீதி மேலிருந்து அருளப்படும் வரை காத்திருப்பது வரலாற்றறிவன்று. சாட்சியங்களை மூன்று மொழிகளிலும் பதிவுசெய்தல், ஒளிப்படங்களையும் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளையும் படிகளெடுத்துப் பல இடங்களில் பேணுதல், தமிழ், முஸ்லிம், சிங்கள உழைக்கும் மக்களின் இழப்புகளை ஒரே ஆவணத்தொகுதியிற் சேர்த்தல் ஆகியன பல்கலைக்கழகங்களும் மக்கள் அமைப்புகளும் இன்றே ஏற்கக்கூடிய பணிகள். நூரம்பேர்க்கில் வெற்றிபெற்ற படைகள் கைப்பற்றிய ஆவணங்களின் இடத்தை, இங்கு மக்கள் பேணிய ஆவணங்களே நிரப்பவேண்டும். அத்தொகுதி இல்லாதவிடத்து, நாளை நல்லெண்ணங்கொண்ட நீதிமன்றமொன்று அமைந்தாலும் 'சான்றில்லை' என்ற சொல்லையே அதுவும் எழுத நேரும்.