நீரிலுள்ள பார உலோகங்களைப் பங்கசுக்களாற் பிரித்தல்

பங்கசு என்றவுடன் கமக்காரரின் நினைவுக்கு வருவன நெல்லின் எரிபந்த நோயும், நாற்றுமேடையிற் காணும் அழுகலும், களஞ்சியத்திலுள்ள வெங்காயத்தின்மேற் படியும் கரும்பூசணமுமேயாகும். ஆயினும் வெங்காயத்திற் கரும்பூசணத்தை உண்டாக்கும் அசுப்பேகில்லசு நைகர் என்னும் அதே பங்கசு, நீரிற் கரைந்துள்ள கட்மியம், ஈயம், செம்பு முதலிய பார உலோகங்களைப் பற்றிப் பிடிக்கும் ஆற்றலுடையது. இவ்வாற்றல் எத்தகையது, வயலுக்கு எவ்வளவு பயன்படும், பயன்படுத்தியபின் எஞ்சும் பொருளை என்செய்வது என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

பார உலோகங்களால் வரும் கேடு

கட்மியம் கலந்த நீரைப் பாய்ச்சிய வயலில் நெற்பயிர் செழிப்பாகவே காணப்படலாம், விளைச்சலும் குறையாதிருக்கலாம். நீரின் நிறமோ சுவையோ வேறுபடுவதில்லை. நீரைக் கொதிக்கவைத்தலாலும் பயனில்லை. நீர் ஆவியாக, உலோகம் எஞ்சிய நீரிற் செறிவடையும். யப்பானின் தோயாமா மாகாணத்தில், ஜின்சூ ஆற்றில் கமியோக்கா சுரங்கத்தின் கழிவு கலந்தது. அந்நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைப் பல ஆண்டுகள் உண்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன; எலும்புகள் மென்மையாகி முறிந்தன. பெரும்பாலும் வயதான பெண்களே இதற்கு ஆளாயினர். ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று அவர்கள் கதறியமையால் ‘இத்தாய் இத்தாய்’ என்பதே நோயின் பெயராயிற்று. இந்நோய்க்குக் கட்மியமே காரணமென யப்பான் அரசாங்கம் 1968இல் ஏற்றுக்கொண்டது. கெட்ட வயல்களின் மேன்மண்ணை மாற்றிச் சீர்செய்யும் வேலையோ 2012இலேயே முடிவுற்றது.

இலங்கையில் பற்றரி திருத்துமிடங்கள், உலோகப் பூச்சு வேலைத்தலங்கள் முதலியவற்றின் கழிவுநீர் வாய்க்காலிற் சேருமிடங்களிற் கவனம் தேவை. பொசுபேற்றுப் பசளைகளிலும் சிறிதளவு கட்மியம் இயல்பாகவே உண்டு. மரக்கறித் தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இப்பசளையை இடுவோர் பணத்தை வீணாக்குவதோடு, கட்மியத்தையும் மண்ணிற் சேர்க்கின்றனர்.

பங்கசு உலோகத்தைப் பிடிக்கும் விதம்

போடோக் கலவையைத் தெளித்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அக்கலவையிலுள்ள செம்பைப் பங்கசு வித்திகள் தம்மிடம் ஈர்த்துச் சேர்த்துக்கொள்கின்றன. அளவு மிஞ்சியதும் மடிகின்றன. பங்கசைக் கொல்லுதற்குக் கமக்காரர் பயன்படுத்தும் அந்த ஈர்ப்பையே நீரைத் தூய்மையாக்குவோரும் பயன்படுத்துகின்றனர்.

பங்கசு இழையின் சுவரிற் கைற்றின் முதலிய பொருள்கள் உள. அவற்றிற் பல இடங்கள் எதிர்மின்னேற்றம் உடையனவாயிருத்தலின், நேர்மின்னேற்றமுடைய உலோகங்கள் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பங்கசு உயிரோடிருத்தல் வேண்டியதில்லை. இறந்து உலர்ந்த இழையும் உலோகத்தைப் பிடிக்கும்; அதற்கு உணவு வேண்டியதில்லை, நஞ்சினால் மடியும் அச்சமுமில்லை. ஆதலின் ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் இறந்த இழையையே விரும்புவர். எலுமிச்சை அமிலம் செய்யும் தொழிற்சாலைகளில் அசுப்பேகில்லசு நைகரின் இழை பெருமளவிற் கழிவாக எஞ்சுவதால், மூலப்பொருளுக்கும் குறைவில்லை.

பழைய பாணிற் படரும் இரைசோப்பசு இனப் பங்கசு ஒன்றைக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செசோசு, வொலெசுக்கி என்போர் ஆராய்ந்தனர். உலர்ந்த இழை ஒரு கிராம் 180 மில்லிகிராமுக்கு மேற்பட்ட யுரேனியத்தைப் பிடித்ததென 1981இல் அவர்கள் வெளியிட்டனர். கட்மியத்தைப் பொறுத்தவரை இவ்வளவை எதிர்பார்த்தல் கூடாது; அது மிகக் குறைவாகவே பிடிபடும்.

செய்முறை சுருக்கமானது. இழையை ஐதான எரிசோடாக் கரைசலிற் கழுவி, உலர்த்தி, மணிகளாக்கிக் குழாயில் நிரப்பி, அதனூடாகக் கழிவுநீரை மெதுவாகச் செலுத்துவர். நீரின் பீ.எச். பெறுமானம் 4க்கும் 6க்கும் இடைப்பட்டிருத்தல் பெரும்பாலும் நன்று. அமிலம் மிகுந்தால் உலோகம் ஒட்டாது. இக்குணத்தைக் கொண்டே, நிரம்பிய இழையை ஐதான அமிலத்தாற் கழுவி உலோகத்தை மீட்டு, இழையை மறுபடியும் பயன்படுத்துவர்.

வயலுக்கு ஏற்றதா?

ஓர் ஏக்கரில் ஓர் அங்குல நீர் என்பது ஏறக்குறைய 1,00,000 இலீற்றராகும். பாய்ச்சும் நீரில் ஓர் இலீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற் கட்மியம் இருத்தலாகாதென்பது உணவு விவசாயத் தாபனம் 1985இல் வெளியிட்ட வழிகாட்டியின் அளவு. இதன் பத்து மடங்கு, அதாவது 0.1 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். அவ்வளவு நீரிலும் உள்ள கட்மியம் 10 கிராமே. ஒரு கிராம் இழை 10 மில்லிகிராமைப் பிடிக்குமாயின், 1 கிலோகிராம் இழை போதுமே என்று தோன்றும். ஆனால் உலோகம் இவ்வாறு ஐதாகியபோது இழை அதனைப் பிடிக்கும் அளவு குறைந்துவிடும். வண்டலும் பாசியும் குழாயை அடைக்கும். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணக்கற் பகுதிகளின் வன்னீரிலுள்ள கல்சியமும் அந்த இடங்களுக்குப் போட்டியிடும். நெற்போகம் ஒன்றிற்கு ஓர் அங்குலமன்று, பல அடி நீர் வேண்டும்.

அதே 10 கிராம் கட்மியம், வேலைத்தலத்தை விட்டு வெளியேறுமுன், இலீற்றருக்கு 50 மில்லிகிராம் வீதம் 200 இலீற்றர்ப் பீப்பா ஒன்றில் அடங்கியிருக்கும். பங்கசைப் பயன்படுத்த வேண்டிய இடம் அப்பீப்பாவேயன்றி வாய்க்காலன்று. அயலிலுள்ள வேலைத்தலம் கழிவுநீரை வாய்க்காலில் விடுமாயின், கமக்காரர் அமைப்பினூடாக மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு அறிவித்தல், வயலில் எதைத் தூவுவதினும் மிக்க பயன் தரும்.

ஆசனிக்கின் தன்மை வேறு. அது நீரிற் பெரும்பாலும் எதிர்மின்னேற்றத்துடன் இருத்தலின், வெறும் இழையில் நன்கு ஒட்டாது. இரும்பு ஒட்சைட்டுப் பூசிய இழை ஆய்வுகூடங்களில் இதற்குப் பயன்பட்டுள்ளது.

உலோகம் அழிவதில்லை

பூச்சிநாசினிகள் சிலவற்றைப் பங்கசுக்கள் சிதைத்து அழிக்கும். உலோகத்தை எந்த உயிரினாலும் அவ்வாறு அழித்தல் இயலாது; ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுதலே கூடும். பங்கசு வித்திகளை வயலில் தூவினால் பார உலோகம் நீங்குமென்று எவரேனும் விற்பனை செய்யின் வாங்கலாகாது. இழை வயலில் வளர்ந்து உலோகத்தைப் பிடித்தாலும், மடிந்து உக்கியதும் அதனை அம்மண்ணிலேயே விட்டுவிடும். நாற்றழுகலைத் தடுப்பதற்கு இடப்படும் திரைக்கோடேமாவும் அந்நோய்க்கே உதவும்; வயலிலிருந்து உலோகத்தை அகற்றாது.

உலோகம் நிரம்பிய இழை பார்வைக்கு உக்கிய சேதனப் பொருள் போலிருக்கும். எதையும் வீணாக்காமல் எருக்குழியிற் சேர்க்கும் நல்வழக்கம் இங்கே கேடு விளைக்கும். பல்லாயிரம் இலீற்றர் நீரிற் பரந்திருந்த நஞ்சு அதில் ஒரு கூடையளவாகச் செறிந்துள்ளது. அதனைக் கூட்டெருவிற் சேர்த்தலும், மாட்டுக்கோ கோழிக்கோ கொடுத்தலும், தோட்டத்திற் புதைத்தலும் தகாதன. எரித்தலும் தகாது, கட்மியத்தின் ஒரு பகுதி புகையுடன் செல்ல, எஞ்சியது சாம்பலிற் சேரும். வேலைத்தலம் ஒன்று இலவச எருவென்று எதனையேனும் தர முன்வந்தால், அது எங்கிருந்து வந்ததென வினவாது ஏற்றல் கூடாது.

ஐயமுள்ள வயலில்

முதலில் நீரையும் மண்ணையும் பரிசோதிப்பித்தல் வேண்டும். மாதிரி எடுக்கும் முறையை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். மண்ணிற் கட்மியம் உண்டெனக் கண்டால், நெல் கதிர் வெளிவருதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னும் வயலில் நீரைக் கட்டிவைத்தல் யப்பானிற் கைக்கொள்ளப்படும் முறை. நீர் நிற்கும்போது கட்மியம் கந்தகத்துடன் கூடி வேருக்கு எட்டாதிருக்கும். ஆசனிக்கு உள்ள வயலுக்கோ இது பொருந்தாது. நீர் நின்றால் அது அதிகமாகவே நெல்லிற் சேரும். ஆதலின் எந்த உலோகம் உள்ளதென அறியாமல் நீரைக் கட்டுதலும் வடித்தலும் கூடா. மரக்கறித் தோட்டமாயின் கீரையும் சலாதும் கட்மியத்தை மிகுதியாக ஏற்பன. அவரையினப் பயிர்கள் குறைவாக ஏற்பன.

சிப்பிக் காளான் வளர்ப்போர்க்கும் ஒரு சொல். காளானும் பங்கசே. நெல்மணியிலுள்ளதினும் வைக்கோலிற் கட்மியம் கூடுதலாக இருக்கும். அவ்வைக்கோலில் வளரும் காளான் அதனை ஈர்த்துக்கொள்ளும். ஐயமுள்ள வயலின் வைக்கோலைக் காளான் பைகளுக்குப் பயன்படுத்தாமல், வேறு வயல் வைக்கோலையோ இரசாயனம் ஊட்டப்படாத மரத்தூளையோ பெற்றுக்கொள்ளல் வேண்டும்.