காலையில் முதலில் காபியா, டிபனா? உங்கள் ரத்த சர்க்கரைக்கு அது ஏன் முக்கியம்?

வேலைக்காக கொல்கத்தா போன தமிழர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பெரும்பாலும் லேக் மார்க்கெட்தான். காளிகாட் மெட்ரோவில் இறங்கி ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் நடந்தால் வாழை இலை, மல்லிகைப்பூ, இட்லி அரிசி, காபித்தூள் எல்லாம் கிடைக்கும். ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம், கோமளா விலாஸ் என டிபன் சாப்பிட இடங்களும் உண்டு. உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்பீர்கள்? "ஒரு காபி." இட்லியா, பொங்கலா என்ற யோசனையெல்லாம் அப்புறம்தான்.

இந்த வரிசையில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. அதுவும் முந்தின நாள் இரவு நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, அரைகுறைத் தூக்கத்தோடு வந்திருந்தால்.

பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நீரிழிவு இல்லாத 29 பேர் கலந்துகொண்டனர். ஒருநாள் நன்றாகத் தூங்கவிட்டார்கள். இன்னொரு நாள் இரவு முழுக்க அடிக்கடி எழுப்பிவிட்டார்கள். இரண்டு நாளும் காலையில் சர்க்கரை பானம் கொடுத்து ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். ஓர் இரவுத் தூக்கம் கெட்டதால் மட்டும் சர்க்கரை அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தூக்கம் கெட்ட காலையில், அந்தப் பானத்துக்கு அரை மணி நேரம் முன்பு ஸ்ட்ராங்கான கருப்பு காபி குடித்தபோது, சர்க்கரை ஏற்றம் சுமார் 50% அதிகமாக இருந்தது. கவனியுங்கள், அந்தக் காபியில் சர்க்கரையே கிடையாது.

அது எப்படி?

உடம்பில் அடினோசின் என்றொரு பொருள் உண்டு. 'போதும், ஓய்வெடு' என்று மூளைக்குச் சொல்வது அதுதான். கஃபைன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தூக்கம் கலைகிறது, கூடவே அட்ரினலின் கூடுகிறது. அட்ரினலின் கூடினால், ஓடவோ சண்டை போடவோ போகிறோம் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். கல்லீரல் சேமித்து வைத்த குளுக்கோஸை வெளியே விடும். இன்சுலினின் பேச்சைத் தசைகள் சரியாகக் கேட்காது. நீங்கள் ஓடவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. நான்கு இட்லி சாப்பிடுகிறீர்கள். அந்தச் சர்க்கரை ரத்தத்திலேயே கொஞ்சம் அதிக நேரம் சுற்றுகிறது.

ஏற்கெனவே டைப் 2 நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் காபி குடிக்கும் 10 நோயாளிகளுக்கு 500 மி.கி. கஃபைனை மாத்திரையாகக் கொடுத்தார்கள். பகல் நேரச் சராசரி சர்க்கரை 8% கூடியது. இரவு உணவுக்குப் பிறகான ஏற்றம் 26%. மிகச் சிறிய ஆய்வுதான், ஆனால் திசை தெரிகிறது.

அப்போ காபியை விட்டுவிட வேண்டுமா? அவசரப்படாதீர்கள். நீண்டகாலக் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. 2014-ல் 28 ஆய்வுகளை, சுமார் 11 லட்சம் பேரின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து காபி குடிப்பவர்களுக்கு டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. கஃபைன் நீக்கிய காபிக்கும் அதே போக்கு. காபியிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்றவை உதவலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் இவை பழக்கங்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகள். காபிதான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அதோடு, அந்த ஆய்வுகளின் காபி வேறு, நம் டம்ளர் வேறு. நம்முடையதில் பாலும் சர்க்கரையும் சேர்கின்றன. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஏறக்குறைய 10 கிராம். ஆபீஸ் மெஷின் காபியையும் சேர்த்து நாளுக்கு ஐந்து என்றால் 50 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே அவ்வளவுதான். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. மிஷ்டி தோய், ரசகுல்லா எல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை. நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்பவர்களுக்கு: ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான்.

என்ன மாற்றலாம்?

முதலில் டிபன், பிறகு காபி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2024 உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்கிறது. அது சொல்லும் காரணம் இரும்புச்சத்து. ஆனால் இங்கேயும் அந்த இடைவெளி பொருந்தும். நாளுக்கு 300 மி.கி. கஃபைனைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. 150 மி.லி. டிகாஷன் காபியில் 80 முதல் 120 மி.கி. வரை இருக்கும் என்பதால், மூன்று டம்ளரிலேயே எல்லையைத் தொட்டுவிடுவீர்கள்.

தட்டிலும் வரிசை முக்கியம். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்ட நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 37% குறைவாக இருந்ததாக 2015-ல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி கண்டறிந்தது. வங்காளிகள் சுக்தோ, கீரை, பருப்பு என்று தொடங்கி இனிப்பில் முடிப்பது இதற்குப் பக்கத்தில் வருகிறது. என்ன, முதல் வாயிலிருந்தே சோறும் கூடவே வந்துவிடுகிறது! நாம் சாம்பாரில் இருக்கும் காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு இட்லிக்குப் போகலாம். நான்கை இரண்டாக்கி ஒரு முட்டையோ சுண்டலோ சேர்க்கலாம்.

ஆபீஸ் ஹெல்த் செக்கப் நாளன்று, 'பிளாக் காபிதானே' என்று குடித்துவிட்டுப் போகாதீர்கள். ஃபாஸ்டிங் டெஸ்ட் என்றால் எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும்தான். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை வந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய கட்டம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் 13.6 கோடி பேர் அந்த நிலையில் இருக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி.

காபி உங்களை எவ்வளவு பாதிக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். அம்மாவின் குளுக்கோமீட்டர் போதும். ஒரே டிபன், ஒரே அளவு, இரண்டு காலைகள்: ஒருநாள் முதலில் காபி, மறுநாள் காபியே இல்லாமல். சாப்பிட்டு ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் தள்ளிப்போனால் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை, இன்சுலின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

அடுத்த முறை லேக் மார்க்கெட்டில் தூள் வாங்கும்போது சிக்கரி எவ்வளவு என்றும் கேளுங்கள். சிக்கரியில் கஃபைன் கிடையாது, விதிப்படி 49% வரை கலக்கலாம். வீட்டில் கலப்படம் என்று திட்டு வாங்கும் அந்த 60:40 தூளில், ப்யூர் காபியைவிடக் கஃபைன் குறைவு.