ரயில்களைக் கணினிக்குள் ஓடவிடும் கூட்டம்

சிரம்பான்–கிம்மாஸ் ரயிலில் உட்கார்ந்தால் ரப்பரும் செம்பனையும் மாறி மாறி ஓடும். 2013இல் மின்சார இரட்டைத் தடமான பாதை அது. அதில் போகும்போதெல்லாம் எனக்கு உப்பால் ஞாபகம்தான்! நேரத்தோடு இயங்கும் அமைப்புகள் சரியாக நடக்குமா என்று சோதிக்க, சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகமும் டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகமும் 1995இல் சேர்ந்து உருவாக்கிய மென்பொருள் அது. வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்.

அதோடு வரும் மாதிரிகளில் ஒன்று ரயில்களைப் பற்றியது! பல தடங்கள், ஒற்றைப் பாலம், ரயிலுக்கு ஒரு கடிகாரம். 'வருகிறேன்' என்ற ரயிலை 10 நேர அலகுக்குள் நிறுத்தச் சொன்னால் நிற்கும். தாண்டினால் நிற்காது, பாலத்தில் ஏறித்தான் தீரும். இரண்டு ரயில் ஒன்றாக ஏறிவிடுமா? காத்திருப்பது என்றைக்காவது கடக்குமா? நடக்கக்கூடிய அத்தனையையும் தேடி முடித்துவிட்டுத்தான் பதில் வரும். நொடியைப் பிளந்துகொண்டே போனால் முடிவே கிடையாதே? அதையும், கடிகாரங்கள் காட்டக்கூடிய நேரங்களை மொத்தமாகச் சேர்த்து, வலயம் வலயமாகக் கட்டிப் பிடித்துவிடுகிறார்கள்! ராஜீவ் ஆலூரும் டேவிட் டில்லும் 1990இல் திறந்துவிட்ட வழி இது.

ரயில்கள் கூடக்கூட, அவை இருக்கக்கூடிய நிலைகள் மளமளவென்று பெருகி, கணினியின் நினைவகம் நிரம்பிவிடும். உடனே வேலையைப் பல கணினிகளுக்குப் பிரி! தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆளுக்கொரு நிரை கொடுப்பதுபோல, எந்த நிலை எந்தக் கணினிக்கு என்று ஒரு கணக்கு தீர்மானிக்கும். கணக்கில் கடிகாரத்தைச் சேர்க்க மாட்டார்கள்; ரயில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான். அப்போதுதான் ஒரே கட்டத்தின் வலயங்கள் ஒரே கணினியில் வந்து கூடும்; பெரிய வலயம் தனக்குள் அடங்கும் சிறியதை விழுங்கிவிடும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம்! பெர்மன், ஹூன, வாந்திராகர் மூவரும் இப்படிப் பிரித்துத் தேடுவது பற்றி 2000இல் வெளியிட்ட ஆய்வில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கணினிகள் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஓடுவதால் வரிசை குலைகிறது. சிறிய வலயம் முந்திக்கொள்கிறது. அதை வைத்துத் தேடி முடித்த பிறகு பெரியது வந்து நின்றால், செய்த வேலை அத்தனையும் வீண். தீர்வோ அவ்வளவு எளிமை: காத்திருப்பவற்றில் தொடக்கத்துக்கு அருகில் இருப்பதை முதலில் எடு! தேடும் வரிசை பற்றிக் கிடைத்த அந்தப் பாடம் ஒற்றைக் கணினியில் தேடுவதை மேம்படுத்தவும் வழி காட்டியது.

எந்த வலயம் எதை விழுங்கலாம் என்பதை இன்னும் தாராளமாக்கியது 2012இல் வந்த ஓர் ஆய்வு. அதை எழுதிய மூவரில் ஒருவரான ஸ்ரீவத்சன், பிறகு சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் சேர்ந்தார். நம் பக்கத்து ஆள்!

நீலாயில் கணினி படிக்கும் பிள்ளைகளே, கல்விக்கு உப்பால் இலவசம். இன்றைக்கே இறக்கி, அந்த ரயில் மாதிரியைத் திறந்து, ரயில்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள்.