அம்மையும் பார்வோவும்: எந்தக் கிருமி யாரைத் தாக்கும்?

பிள்ளையின் உடம்பில் கொப்புளம் கண்டாலும் அம்மை, கோழியின் கொண்டையில் பரு கிளம்பினாலும் அம்மை, மாட்டின் தோலில் கட்டி எழும்பினாலும் அம்மை. பேச்சு வழக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். ஆனால், இவற்றை உண்டாக்கும் கிருமிகள் வெவ்வேறு. எது எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்பது புரியும்.

பாக்ஸ் வைரஸ்

வைரஸ்களில் உருவத்தில் பெரியவை பாக்ஸ் வைரஸ்கள். மனிதரைக் கொன்று குவித்த பெரியம்மை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரைக் கொண்டு அதற்குத் தடுப்பு முறை கண்டார். 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது. மலேசியாவில் 2023இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட குரங்கம்மையும் இதே குடும்பம்தான். அது பெரும்பாலும் நோயாளியின் புண்ணை நெருங்கித் தொடுவதால் பரவுகிறது.

சின்னம்மை இந்தக் குடும்பமே அல்ல. அது ஹெர்பிஸ் வகை. சின்னம்மை வந்து போனவர்களின் நரம்பில் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் அக்கியாகத் தலைகாட்டுவதும் அதே கிருமிதான். அதனால், முதியவர்கள் அக்காலத்தில் போட்டுக்கொண்ட பெரியம்மை ஊசி சின்னம்மையைத் தடுக்காது.

மாடு வளர்ப்போர் கவனிக்க வேண்டியது தோல் கழலை நோய். 2021இல் மலேசியாவில் பரவிய இதுவும் பாக்ஸ் வைரஸால் வருவதே. காய்ச்சல் கண்டு, தோல் முழுதும் கட்டிகள் எழும்பும், பால் குறையும். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவை இதைப் பரப்புகின்றன. மனிதருக்கு இது தொற்றாது. நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டிவிட்டு, கால்நடை சேவை இலாகாவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

பார்வோ வைரஸ்

‘பார்வோ’ என்ற பெயர், சிறியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெரியம்மைக் கிருமியின் அளவில் இது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். வேகமாகப் பிரியும் உயிரணுக்களில் மட்டுமே இது பெருகும். குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, கருவிலுள்ள சிசு ஆகியவற்றை இது குறிவைப்பது அதனால்தான்.

நாய்களைத் தாக்கும் பார்வோ 1978இல் அடையாளம் காணப்பட்டு, சுமார் ஈராண்டுகளில் உலகெங்கும் பரவியது. குட்டி சோர்ந்து படுக்கும். வாந்தியும் இரத்தப் பேதியும் காணும். சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடலாம். நாய் இறந்த பிறகும் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். கைக்குத் தடவும் சானிடைசர் இதைக் கொல்லாது. இடத்தைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட வேண்டும்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குகிறது. ஆனால், ஓர் ஊசி போதாது. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஆகவே, பதினாறு வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டு ஊசியைத் தொடர வேண்டும்.

நாயின் பார்வோ மனிதருக்கு வராது. மனிதருக்கு வருவது 1975இல் கண்டறியப்பட்ட பார்வோ பி19 என்ற வேறொரு கிருமி. பிள்ளைகளுக்கு அறைந்தாற்போல் கன்னம் சிவந்து, பெரும்பாலும் தானே குணமாகும். தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்களுக்கோ, இரத்த அணு உற்பத்தி திடீரென நின்று உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிக்குத் தொற்றினால், வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கடும் இரத்தச் சோகை ஏற்படலாம்.

நாய்க்குட்டிக்கு ஊசி உண்டு. பி19க்கு இன்னும் இல்லை. எனவே, கன்னம் சிவந்த பிள்ளை இருக்கும் வீட்டில் கர்ப்பிணியோ தலசீமியா நோயாளியோ இருந்தால், அவருக்கு அறிகுறி தெரியும்வரை காத்திராமல் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும்.